ஒன்றரை நூலும் ஆறு ஏடிஎம் கார்டு துண்டும்

கார் பற்றி எழுதுகிறேன் என்றதும் மைலேஜ், டாப் ஸ்பீடு, டர்போ என்று ஓடி வந்த மக்களே, கொஞ்சம் உட்காருங்கள். நான் எழுதப் போவது காரில் இருக்கும் சந்துகளைப் பற்றி. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில், கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில், மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடுமே, அதேதான்.

"சந்தைப் பத்தி ரெண்டு பக்கமா? உனக்கு செமஸ்டர் இல்லையா?" என்று ரூம்மேட் கேட்டாள். இருக்கிறது. ஆனால் போன மே மாத லீவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சந்துகளோடு மல்லுக்கட்டியதில், பாடப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் கிடைத்தன. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பொது அறிவு (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்).

கார் உடம்பு ஒரே தகரம் கிடையாது. கூரை, தரை, கதவு மாட்டும் தூண்கள், பின் சக்கரத்துக்கு மேலே வரும் பக்கத் தகடு, இதெல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்தது. நகராது. கதவு, பானெட், டிக்கி, பெரும்பாலான வண்டிகளில் முன் மட்கார்டு, இதெல்லாம் போல்ட் போட்டு மாட்டியது. நகரும். நகருகிற சாமான்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் திறந்து மூடத்தான் சந்து. அந்தச் சந்து மேலிருந்து கீழே வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தகடு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த இரண்டுதான் விஷயமே.

கார் கம்பெனிகளுக்கு இது கௌரவப் பிரச்சினை. 1990-களின் தொடக்கத்தில் வந்த ஒரு லெக்சஸ் விளம்பரத்தில் ஒரு குட்டி இரும்புக் குண்டை வண்டியின் சந்து வழியாக உருட்டி விடுவார்கள். அது எங்கும் சிக்காமல் உருண்டுகொண்டே போகும். அவ்வளவுதான் விளம்பரம்! 2018-ல் டெஸ்லா மாடல் 3 வண்டியை ஆராய்ந்த சாண்டி மன்ரோ என்ற பொறியாளர், சந்துகளைப் பார்த்துவிட்டு 90-களின் கியா மாதிரி இருக்கிறது என்று சொல்லி மானத்தை வாங்கினார். 2023 ஆகஸ்டில் டெஸ்லா முதலாளி ஈலான் மஸ்க், சைபர்டிரக் பாகங்களை 10 மைக்ரானுக்குள் துல்லியமாகச் செய்யச் சொல்லி ஊழியர்களுக்கு அனுப்பிய மெயில் வெளியே கசிந்தது. 10 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

எங்கள் வண்டியின் டிரைவர் கதவுச் சந்தில், கீழே ஒரு முழுப் பென்சில் நுழைந்தது. மேலே பத்து ரூபாய் நோட்டு நுழையத் திணறியது. :-)

வண்டி 2005 மாடல் மாருதி 800. (புதுசு கிடைக்காது. 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.) அப்பா அதை 2012-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாங்கும்போது விற்றவர் "ஒரு கீறல் விழாத வண்டி" என்று சொன்னதை அப்பா இன்றைக்கும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவார். போன மே மாதம் அதை விற்க முடிவு செய்தோம். ஜூனில் என் கடைசி வருட ஃபீஸ் கட்ட வேண்டும். அப்பா எதிர்பார்த்தது 80 ஆயிரம்.

புரோக்கர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டிரைவர் கதவைத் திறந்து மூடினார். "டங்" என்று சத்தம் வந்தது.

"லைன் அவுட்டா இருக்குதுங்க. அடிபட்ட வண்டி. அம்பதுக்கு மேல போவாது."

"எங்க கையில ஒரு தடவைகூட அடிபடலைங்க" என்றார் அப்பா. 30 ஆயிரம் குறைந்ததைவிட அந்த "அடிபட்ட வண்டி" தான் அவருக்கு வலித்தது என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுத் தாத்தாவைக் கூட்டி வந்தார்.

தாத்தா ஈரோட்டில் 40 வருடம் டிங்கர் வேலை பார்த்தவர். நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. இப்போது கை நடுங்குகிறது. ஸ்பேனர் பிடிக்க முடியாது. "கை உன்னுது, கண்ணு என்னுது. செரியா கண்ணு?" என்றார். (கொங்கு நாட்டில் இரண்டாவது கண்ணு நான்தான்.)

"சந்து எத்தனை மில்லி இருக்கோணும்ங் தாத்தா?"

"மில்லியெல்லாம் எனக்கு வராது. ஒன்றரை நூலு. அதுக்கு மேல போனா ஓட்டை, கம்மியானா ஒரசும்."

தெரியாதவர்களுக்கு: நம்மூர் ஆசாரி, கொத்தனார், டிங்கர் எல்லோரும் சொல்லும் ஒரு நூல் என்பது ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சுமார் 3.2 மில்லி. அப்படியானால் ஒன்றரை நூல் 4.8 மில்லி வரும். இதை எப்படி அளப்பது? ஸ்கேலைச் சந்தில் விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்குக் காட்டும். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஏடிஎம் கார்டின் தடிமன் உலகம் முழுக்க ஒன்றுதான், 0.76 மில்லி. காலாவதியான கார்டுகளில் எழுத்து புடைக்காத பகுதியைப் பட்டை பட்டையாக வெட்டி, ஆறு துண்டுகளை அடுக்கி டேப் சுற்றினேன். 4.56 மில்லி. தாத்தா வாங்கிச் சந்தில் விட்டுப் பார்த்து, "ஒன்றரை நூலுக்கு ஒரு மசுரு கம்மி" என்றார். சரியாகச் சொன்னார்!

இனி வேலை. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி சமதரையில், நாலு சக்கரத்திலும் சம காற்றோடு நிற்க வேண்டும். எங்கள் போர்டிகோ மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகக் கட்டியது, அதனால் தள்ளிக்கொண்டுபோய்க் களத்தில் நிறுத்தினோம். ஜாக்கியில் ஏற்றி வைத்துவிட்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஒரு மூலையில் தூக்கினால் வண்டி உடம்பே துளி முறுக்கும். அந்த முறுக்கில் கதவை நேர் செய்தால், இறக்கியதும் கோணலாகிவிடும்.

அடுத்து, கதவு ஓரங்களிலும் பக்கத்துத் தகடுகளிலும் மாஸ்கிங் டேப். பெயிண்ட் பெயராமல் இருக்க. கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு. என்ன ஆனாலும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம்.

அதன்பிறகு தாத்தா செய்யச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார். லொடலொட என்று ஆடினால் கீலின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றாமல் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தால் பத்து நாளில் மறுபடி தொங்கும். எங்களுக்கு டிரைவர் கதவு மேல் கீலில் ஆட்டம் இருந்தது. காரணம் உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் இறங்குகிற எல்லோருமே கதவைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருப்போம். பின்னும் புஷ்ஷும் வாங்கிப் போட்டோம்.

பிறகு லாக் மாட்டிக்கொள்ளும் கொண்டியைத் தூணிலிருந்து கழற்றிவிட்டோம். அது இருந்தால் கதவு மூடும்போது தூக்கியோ இழுத்தோ உட்கார வைத்துவிடும். கதவு உண்மையில் எங்கே தொங்குகிறது என்று தெரியாது. லாக் இல்லாமல் கீலில் மட்டும் தொங்கவிட்டால்தான் நிஜம் தெரியும்.

எங்கே தொடங்குவது? நான் நேரே டிரைவர் கதவுக்குப் போனேன். கோணல் அங்கேதானே இருக்கிறது! தாத்தா தடுத்தார்.

"நகராதது எது? பின்னாடித் தகடு. அங்கிருந்து வா. மொதல்ல பின் கதவைத் தகட்டுக்குச் செரி பண்ணு. அப்பறம் முன் கதவைப் பின் கதவுக்கு. அப்பறம் மட்கார்டைக் கதவுக்கு. பானெட்டு கடைசி."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சரி. நடுவில் தொடங்கினால் நகருகிற ஒன்றை நகருகிற இன்னொன்றோடு ஒப்பிட்டு இரண்டையும் கெடுத்துக்கொண்டே போகலாம். வெல்டிங் செய்த தகடு ஒன்றுதான் அசையாத சாட்சி.

பின் கதவு அரை மணி நேரத்தில் முடிந்தது. முன் கதவுக்கு முதலில் மட்கார்டைக் கழற்றினோம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். எப்படியும் அதைப் பிறகு புதிதாக உட்கார வைக்க வேண்டும், தவிர கீல் பக்கம் கை தாராளமாகப் போகும். டிரைவர் கதவு தொங்கினால் அதன் பின் நுனி கீழே இறங்கும். அப்போது பின் கதவோடு இருக்கும் சந்து மேலே குறுகும், கீழே விரியும். நிமிர்த்த வேண்டுமானால் மேல் கீலைத் துளி முன்பக்கம் நகர்த்த வேண்டும். போல்ட்டுகளை முழுசாகத் தளர்த்தக் கூடாது. தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு ஒன்றைப் பிடிப்பாக வைத்துக்கொண்டு மற்றதைத் தளர்த்த வேண்டும். கதவின் அடியில் மரக்கட்டை, அதன்மேல் பழைய துண்டு, அதற்கு அடியில் ஜாக்கி. வண்டியைத் தூக்க இல்லை, கதவை மட்டும் தாங்க.

இங்கேதான் பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம் உதவிக்கு வந்தது. இரண்டு கீலுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும் கதவின் நீளம். அதனால் கீலில் ஒரு மில்லி நகர்ந்தால் கதவின் மறுமுனையில் இரண்டு மூன்று மில்லி ஏறும். நாங்கள் நகர்த்தியது இவ்வளவுதான்: ஒன்றரை கார்டு துண்டு. பென்சில் நுழைந்த சந்து நேராகிவிட்டது.

மட்டம் பார்க்கத் தாத்தாவுக்குக் கருவி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை முன் கதவிலிருந்து பின் கதவுக்கு இழுத்தார். நடுங்குகிற கைதான், ஆனால் தகரத்தில் பட்டதும் நடுக்கம் நின்றது. "பின் கதவு ஒரு துளி உள்ள இருக்கலாம், வெளிய இருக்கக் கூடாது" என்றார். வண்டி ஓடும்போது காற்று முன்னாலிருந்து வருகிறது. பின்னால் இருக்கும் தகட்டின் விளிம்பு துருத்தி நின்றால் காற்று அதில் மோதி விசிலடிக்கும். எல்லாம் முடிந்தபின் கொண்டியை மாட்டி, கதவு மூடும்போது ஏறவும் இறங்கவும் செய்யாத இடத்தில் இறுக்கினோம். ஒரு துண்டு தினத்தாளைப் பீடிங்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வந்தால் மழைத் தண்ணீர் வராது.

மூடினேன். "டப்". அப்பா சமையலறைக்குப் போய் அம்மாவைக் கூட்டி வந்து, இன்னொரு தடவை மூடச் சொன்னார்.

முதல் ஞாயிறு இங்கே முடிந்தது. கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு வலது மட்கார்டு. அதைக் கதவுக்கு ஒன்றரை நூல் வைத்து இறுக்கினால், பானெட்டோடு இருக்கும் சந்து முன்பக்கம் குறுகிப்போனது. கழற்றி பானெட்டுக்குச் சரியாக வைத்தால், கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பு மட்கார்டில் உரசியது. ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டோம். இடது பக்கம் ஒரே தடவையில் உட்கார்ந்த சாமான், வலது பக்கம் எதற்குமே ஒத்துவரவில்லை.

தாத்தா பேசாமல் டேப்பை எடுத்து நீட்டினார். பானெட்டைத் திறந்து, இடது சஸ்பென்ஷன் மேல் போல்ட்டிலிருந்து வலது முன் மூலைக்கு ஓர் அளவு. வலது போல்ட்டிலிருந்து இடது முன் மூலைக்கு ஓர் அளவு. பெருக்கல் குறி மாதிரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 7 மில்லி வித்தியாசம் வந்தது. மறுபடி அளந்தேன். அதே 7.

பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். இடது பக்க உள் தகட்டில் பொட்டு வைத்தது போல வரிசையாக வட்டக் குழிகள், கம்பெனி ஸ்பாட் வெல்டிங். வலது பக்கம் அந்தப் பொட்டுகள் பாதி தூரத்தோடு காணாமல் போய், கையால் வைத்த வெல்டிங் தழும்பு ஓடியது. அதன்மேல் பிரஷ்ஷால் தடவிய கறுப்புப் பூச்சு. சுரண்டினால் சுத்தியல் தடம்.

"இது பெரிய அடி கண்ணு. உங்கப்பன் வாங்கறதுக்கு முன்னாடியே. நல்ல கைக்காரன்தான் பாத்திருக்கான்."

புரோக்கர் டிரைவர் கதவைப் பார்த்துச் சொன்ன காரணம் தப்பு. அது வெறும் தேய்ந்த புஷ். ஆனால் அவர் சொன்ன வார்த்தை சரி. 2012-லிருந்து நாங்கள் "கீறல் விழாத வண்டி" என்று சொல்லிக்கொண்டு ஓட்டியது அடிபட்ட வண்டியைத்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது என்ன செய்வது? தாத்தா வழி சொன்னார். மட்கார்டு போல்ட் ஓட்டைகளை வட்ட அரத்தால் இரண்டு மில்லி நீளமாக்கி, பெரிய வாஷர் போட்டு, கோணலை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் பங்கு போட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும். டிங்கர் தொழிலில் சகஜமான வேலைதான். பழைய வண்டியில் யார் செய்தாலும் குற்றம் சொல்ல முடியாது. "யாருக்கும் தெரியாதுங்களா தாத்தா?" என்று கேட்டேன். "டேப்பு புடிக்கிறவனுக்குத் தெரியும். எத்தனை பேரு புடிக்கறாங்க?"

அதற்குள் வண்டியைப் பார்க்க வருவதாக ஒருவர் ஃபோன் செய்திருந்தார். கோபியில் நர்ஸாக இருக்கிறாராம். நைட் டூட்டி முடிந்து பஸ் கிடைக்காமல் நிற்பதால் ஒரு சின்ன வண்டி வேண்டுமாம். முதல் கார்.

எனக்கு ஃபீஸ் ஞாபகம் வந்தது, மறைக்கவில்லை. அப்பாவும் கணக்குப் போட்டிருப்பார். நாங்கள் மோதவில்லை, எங்களையும் ஏமாற்றித்தான் விற்றார்கள், அதை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றினால் என்ன என்பது ஒரு நியாயம்தான். ஆனால் இரண்டு நாளாக அந்தத் தாத்தா பக்கத்தில் நின்று வேலை செய்துவிட்டு அந்த நியாயத்தைப் பேச வாய் வரவில்லை. கொண்டி இல்லாமல் தொங்கவிட்டால்தான் நிஜம் தெரியும் என்று சொல்லித் தந்தவரிடமே, கொண்டி மாட்டி மறைத்துக் கொடுங்கள் என்று கேட்பது மாதிரி.

அப்பா கடைசியில் சொன்னார்: "கதவு ஒரசக் கூடாதுங்க. அதுக்குச் செரியா வெச்சிருங்க. பானெட்டு சந்து எப்படி வருதோ அப்படியே இருக்கட்டும்."

அப்படியே வைத்தோம். பானெட் பூட்டையும் அதற்கு அடுத்த பாதுகாப்புக் கொக்கியையும் மட்டும் நாலைந்து தடவை சோதித்தோம். சந்து கோணலாக இருக்கலாம். ஓடும்போது பானெட் திறந்து கண்ணாடியில் அறையக் கூடாது. மறுநாள் அப்பா வீல் அலைன்மென்ட் கடையில் சக்கரக் கோணங்களை அளந்து, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்ற சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். நல்லவேளை.

அந்த அக்கா வந்தபோது அப்பா முதலில் பானெட்டைத் திறந்து டார்ச்சையும் டேப்பையும் கையில் கொடுத்தார். கூட வந்திருந்த அவர் தம்பி அளந்து பார்த்தார். நாலு நாள் ஃபோனே இல்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு 62 ஆயிரத்துக்குக் கேட்டார். கொடுத்துவிட்டோம். "மூணு வண்டி பார்த்தேனுங்க, யாரும் டேப் குடுக்கலை" என்றார். மீதி ஃபீஸுக்கு அம்மா சீட்டை எடுத்தார்கள். தாத்தா கூலி வாங்கவில்லை. கார்டுத் துண்டுக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பி.கு. (பழைய வண்டி வாங்கப் போகும் மக்களுக்கு):

1. சந்து எவ்வளவு அகலம் என்பதைவிட இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

2. கீல், மட்கார்டு போல்ட் தலைகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

3. கோணல் கதவு எல்லாம் அடிபட்ட வண்டி இல்லை. நுனியைத் தூக்கிப் பாருங்கள். நேரான கதவு எல்லாம் அடிபடாத வண்டியும் இல்லை. பானெட்டைத் திறந்து ஸ்பாட் வெல்டிங் பொட்டுகளை எண்ணுங்கள்.

4. இருட்டாக இருக்கிறது, மழை பெய்கிறது, நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது என்று சொன்னால் நீங்களும் நாளைக்கே போங்கள். கையில் டேப்போடு.

உங்கள் வீட்டு வண்டிக்கு எத்தனை கார்டு வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பாவிக்கிற கார்டை வெட்டிவிடாதீர்கள் :-)